அடுத்து எந்தப் பயிற்சி? மறுவாழ்வு மருத்துவமனை ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

நோயோ காயமோ பட்டவரை அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் நாம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு பயிற்சி விளம்பரம் வருகிறது. இரண்டு நாள், சான்றிதழ் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, முன்கூட்டியே பணம் கட்டினால் சலுகை உண்டு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுத்துப் போய்விட்டு வருகிறார்கள், வந்த பிறகு வார்டில் பழையபடி கைப்பயிற்சிக்காகக் கூம்பு அடுக்குவதும் பெக் போர்டில் குச்சி செருகுவதுமாகவே வேலை நடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு எந்தப் பயிற்சி தேவை என்று கண்டுபிடிப்பது எப்படி, அதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தருவதில்லை. நம்மிடம் சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போனவர் அங்கே எதைச் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கிறாரோ, அதுதான் நாம் அடுத்துக் கற்க வேண்டியது. இந்தக் கட்டுரை முழுக்க இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பட்டப்படிப்பில் குழந்தைகள், மனநலம், கை அறுவை, முதியோர் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வருகிறோம். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பு கேட்கும் குறைந்தபட்சக் களப்பயிற்சி 1000 மணி நேரம், அதுவும் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து. மறுவாழ்வு மருத்துவமனையில் தினமும் வருவது பக்கவாதம், தண்டுவடக் காயம், தலைக்காயம், கால் எடுத்தவர்கள். இவற்றில் ஆழமாக ஏதாவது தெரிந்திருந்தால் அது வேலைக்கு வந்த பிறகு கற்றதாகத்தான் இருக்கும். அதனால் பயிற்சி தேவைப்படுவது உங்கள் குறை இல்லை, வெட்கப்படவும் வேண்டாம்.

முதலில் போனை எடுங்கள்

டிஸ்சார்ஜ் பதிவேட்டில் இருந்து, வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆனவர்களின் பட்டியலை எடுங்கள். மருத்துவமனை அனுமதியோடு, அலுவலக எண்ணிலிருந்து கூப்பிடுங்கள். "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் மேடம்" என்றுதான் வரும், நம் ஊர்ப் பழக்கம் அது. அப்படிக் கேட்காமல் நேற்றைய நாளைக் கேளுங்கள். காலையில் எழுந்ததும் கட்டிலில் இருந்து எப்படி இறங்கினீர்கள், கக்கூசுக்கு யார் கூட்டிப்போனார்கள், குளிப்பாட்டியது யார், சாப்பாட்டை யார் பிசைந்து கொடுத்தார்கள், மத்தியானம் எங்கே இருந்தீர்கள், வாசலைத் தாண்டிக் கடைசியாக எப்போது போனீர்கள். அப்புறம் கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் தனியாக இதையே கேளுங்கள். மனைவி அல்லது அம்மா சொல்லும் பதில் பெரும்பாலும் வேறாக இருக்கும்.

முடிந்தால் சில வீடுகளுக்காவது நேரில் போங்கள். போனில் கிடைக்காதது அங்கே கண்ணில் படும். நாம் பொறுமையாகச் செய்துகொடுத்த, கையைச் சரியான நிலையில் தாங்கும் ஸ்பிளிண்ட் பரணில் கிடக்கும். வீல்சேர் குளியலறைக் கதவில் நுழையாது. மருத்துவமனையில் எலாஸ்டிக் வைத்த பேண்ட் போடப் பழகியவருக்கு வீட்டில் கைலிதான் உடுப்பு, அதை ஒரு கையால் இறுக்கிக் கட்ட நாம் சொல்லித்தந்திருக்கவே மாட்டோம்.

பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்தவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். இடது கையால் சாப்பிட நாம் நன்றாகப் பழக்கி அனுப்பியிருப்போம். வீட்டில் நாலு பேர் முன்னால் இடது கையை இலையில் வைக்கக் கூச்சப்பட்டு, மனைவி ஊட்டிவிடுவதை ஏற்றுக்கொண்டு, நாளடைவில் அவர் தானாகச் சாப்பிடுவதையே விட்டிருப்பார். இடது கையில் ஸ்பூன் பிடிக்க வைப்பதா, பலவீனமான வலது கையை உதவிக்காவது தட்டின் பக்கம் கொண்டுவருவதா, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவதா என்பதை வார்டிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை எடுக்கத் தெரிவதும் ஒரு திறமை. அதற்கும் பயிற்சி வேண்டும், எந்த விளம்பரத்திலும் அது இருக்காது.

கிடைத்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். நமக்குச் செய்யத் தெரியாததால் நடக்காதவை, தெரிந்தும் நேரமோ பொருளோ இல்லாததால் நடக்காதவை, நம் கையில் இல்லாதவை. முதல் வகை மட்டும்தான் பயிற்சித் தேவை. ஸ்பிளிண்ட் செய்யும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட் ஸ்டோரில் இல்லாத இடத்தில் ஸ்பிளிண்ட் பயிற்சிக்கு ஆள் அனுப்பிப் பயனில்லை, அது கொள்முதல் பிரச்சினை. ஒரே தெரபிஸ்ட் காலையில் இருந்து மாலை வரை ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே குறைவது ஆட்கள், அறிவு இல்லை. நிர்வாகம் இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஒரு டிரெயினிங் வைங்க" என்று சொல்லும். இந்தத் தாள் கையில் இருந்தால் அப்போது பேச வசதியாக இருக்கும்.

தண்டுவடக் காயம்: இங்கே தவறக் கூடாது

நோய்வாரியாகப் பார்த்தால் முதல் இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன். இங்கே தெரியாமல் செய்தால் திருத்தவே முடியாமல் போகிற விஷயங்கள் இருக்கின்றன.

கழுத்தில் சி6 (கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது) மட்டத்தில் அடிபட்டவருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியும், விரலை மடக்க முடியாது. ஆனால் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக உள்ளே மடங்கும், கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து படும். டெனோடெசிஸ் பிடி என்பது இதுதான். இந்தப் பிடியை வைத்துக்கொண்டு ஒருவர் டம்ளர் எடுக்கலாம், பேனா பிடிக்கலாம், தானே சிறுநீர்க் குழாய் போடக் கூடக் கற்கலாம். விரல் தசைநாண்கள் கொஞ்சம் குட்டையாக இருந்தால்தான் இது வேலை செய்யும். கூட இருக்கும் அம்மா பாசத்தோடு தினமும் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னால் நீட்டி நீட்டி இழுத்துவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு பின்னால் போகும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும், விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு தொங்கியிருக்க வேண்டும். கையை ஊன்றி நகரும்போது உள்ளங்கையை விரித்து ஊன்றக் கூடாது. இது தெரபிஸ்டுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. பிசியோதெரபிஸ்ட், இரவு நர்ஸ், உதவியாளர், குடும்பம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியும் உங்கள் துறையின் பயிற்சித் திட்டத்தில்தான் வர வேண்டும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. டி6 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவருக்கு, சிறுநீர்க் குழாய் மடங்கினாலோ சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் கட்டிக்கொண்டாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று படித்திருப்பீர்கள். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை. இவர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும், அதனால் கருவியில் 140 என்று பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே அது எச்சரிக்கை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான உடுப்பு, பெல்ட், ஸ்பிளிண்டைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயைப் பாருங்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுக்கையில் இருந்து வீல்சேருக்கு மாற்றும்போது குழாய் மடங்குவது நம் அறையிலேயே நடக்கக்கூடியது. துறையில் தரை துடைக்கும் அக்கா உட்பட எல்லோருக்கும் இதை ஒத்திகை பார்த்துவிடுங்கள், பிறகு மறக்காமல் இருக்க அவ்வப்போது திரும்பவும் பாருங்கள்.

படுக்கைப் புண்ணைத் தடுக்கக் கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லித்தருகிறோம். சில நொடி தூக்கினால் அழுத்தப்பட்ட சதைக்கு இரத்தம் முழுதாகத் திரும்பாது. 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை, முன்பக்கமாகக் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிஷம் அளவுக்கு இருப்பதுதான் பலன் தரும். தோள்பட்டையும் பிழைக்கும்.

இவற்றைக் கற்க இலவச வழி இருக்கிறது. சர்வதேசத் தண்டுவடச் சங்கமான இஸ்காஸ் நடத்தும் இ-லேர்ன் எஸ்சிஐ தளத்தில் தெரபிஸ்டுகளுக்கென்றே தனிப் பாடம் உண்டு. ஆங்கிலத்தில்தான், ஆனால் படங்களும் வீடியோக்களும் இருப்பதால் சிரமம் இருக்காது.

இன்னொன்று, தாம்பத்தியம். இளைஞர்கள் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள், நாமும் திறக்க மாட்டோம். கதவு மூடிய அறையில் "இதைப் பற்றிக் கேட்க விரும்பினால் கேட்கலாம், இல்லையென்றால் பேசக்கூடிய ஆளைக் காட்டுகிறேன்" என்று சொல்லும் அளவுக்காவது எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும்.

வீல்சேர், வாசற்படி, கக்கூஸ்

வீல்சேரை அளவு பார்க்காமல் கொடுப்பது இன்னும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வீல்சேர் சேவைப் பயிற்சித் தொகுப்பு, அடிப்படை நிலை 2012-இல் வந்தது, தானாக நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கான இடைநிலை 2013-இல் வந்தது. பரிந்துரையில் தொடங்கி அளவு, தேர்வு, நிதி, தயாரிப்பு, பொருத்துதல், பயன்படுத்தக் கற்றுத்தருதல், பராமரிப்பு என்று எட்டுப் படிகளை அது வைத்திருக்கிறது. நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் விடுபடுவது கடைசி மூன்றும்தான். பயிற்றுநர் கையேடு முதல் பயிற்சித் தாள் வரை இணையத்தில் கிடைக்கும், துறைக்குள்ளேயே நடத்தலாம்.

சாய்தளக் கணக்கு 1:12. 15 செமீ உயரப் படிக்கு 180 செமீ நீளம். அதுவே திண்ணை வைத்த வீடு, தெருவில் இருந்து 60 செமீ உயரம் என்றால் ஏழு மீட்டருக்கு மேல் வேண்டும், தெருவே அவ்வளவு அகலம் இருக்காது. அப்போது பின்வாசலா, பக்கச் சந்தா, படியில் இரண்டு பேர் பின்பக்கமாக ஏற்றும் முறையா என்று யோசிக்க வேண்டும். கொத்தனாரிடமும் வெல்டிங் கடைக்காரரிடமும் பேசத் தெரிய வேண்டும், அளவு போட்டு ஒரு படம் வரைந்து கொடுக்கத் தெரிய வேண்டும். தரைக் கக்கூசின் மேல் வைக்கிற, நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை எந்த உயரத்தில் செய்யச் சொல்வது, பிடி எந்தப் பக்கம் என்பதெல்லாம் வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்காது. உங்கள் ஊர் வெல்டிங் கடையில் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள், உண்மையாகவே சொல்கிறேன், அதையும் பயிற்சிப் பதிவேட்டில் எழுதுங்கள்.

பக்கவாதமும் தலைக்காயமும்

இந்தப் பகுதியில்தான் விளம்பரங்கள் அதிகம், அதனால் பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியதும் அதிகம். நோயாளியின் உடம்பைக் கையால் வழிநடத்தி அசைவைத் திரும்பப் பழக்கும் பொபாத் முறைப் பயிற்சி நீண்டது, செலவு கூடியது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அது மற்ற முறைகளைவிட மேல் என்று கண்டறியவில்லை. கையாளும் நுட்பம் கற்கலாம்தான், ஆனால் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். நோயாளிக்குத் தேவையான வேலையையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் முறையில் கைதேர்ந்தால் அது அதிகம் உதவும். நல்ல கையைக் கட்டிப்போட்டு பலவீனமான கையை வேலை வாங்கும் முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு, ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரியக்கூடியவர்களுக்குத்தான் அது. நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பழகும் கண்ணாடிச் சிகிச்சையை 1990-களில், கை போனவர்களுக்கு இல்லாத கையில் தெரியும் மாயவலிக்காகக் கொண்டுவந்தவர் நம் நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். பக்கவாதத்துக்கு அது பின்னால் வந்தது. ஒரு கண்ணாடியும் கட்டுரைகளும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பதும் போதும், பெரிய கட்டணம் தேவையில்லை.

அடிப்படையில் விட்டுவிடக் கூடாதது தோள்பட்டை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது என்பதை எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும், மேலே கப்பி மாட்டிக் கையை இழுக்கவைப்பதை நிறுத்த வேண்டும்.

தலைக்காயம் பட்டவர்களுக்கு நடப்பதைவிட நினைவும் கோபமும்தான் வீட்டில் பெரிய பிரச்சினை. நினைவு, கவனம் போன்றவற்றைச் சோதிக்கும் மொகா பரிசோதனை தமிழில் இருக்கிறது, ஆனால் அதற்கு அதிகாரபூர்வப் பயிற்சி முடிக்க வேண்டும். பள்ளிக்கே போகாதவரிடம் அதை வைத்து எடுத்த மதிப்பெண்ணை நம்ப முடியாது, படிப்புக் குறைந்தவர்களுக்கென மொகா பேசிக் என்று தனியாக உண்டு. அதைவிட, ஒரு காபி போடச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். அடுப்பை அணைக்க மறக்கிறாரா, பாலை எங்கே வைத்தோம் என்று தேடுகிறாரா. இப்படிப் பார்ப்பதை முறைப்படி அளக்கக் கற்றுத்தரும் ஏ.எம்.பி.எஸ். போன்ற பயிற்சிகள் விலை கூடுதல், துறையில் ஒருவர் போனால் போதும்.

அளக்கக் கற்பது

குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை அளக்கும் பார்தெல் இண்டெக்ஸ் 1965-இல் இருந்து இருக்கிறது, 10 விஷயங்கள், 100 மதிப்பெண், எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஒரே நோயாளிக்கு இரண்டு தெரபிஸ்டுகள் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரியும். செலவில்லாத பயிற்சி இது.

சி.ஓ.பி.எம். என்கிற கனடிய அளவுகோல் வேறு மாதிரி. நோயாளியே தனக்கு முக்கியமான வேலைகளைச் சொல்லி, எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை போட வேண்டும். இரண்டு புள்ளி ஏறினால் பொருட்படுத்தத் தக்க மாற்றம். நம் ஊரில் இதைக் கேட்டால் "கையும் காலும் பழையபடி வந்தா போதும்", "நீங்க சொல்றதச் செய்யறேன்" என்ற இரண்டு பதில்தான் வரும். அதைத் தாண்டிப் பேசவைப்பது கற்க வேண்டிய கலை. நேற்றைய நாளைக் கேட்கும் முறை இங்கேயும் உதவும். மாடு கறக்க முடியவில்லை, கோயிலுக்குப் போக வெட்கமாக இருக்கிறது, பேத்திக்குத் தலை பின்ன முடியவில்லை என்று அப்போதுதான் வரும். புதியவர்கள் முதல் சில பேட்டிகளை மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது எடுக்க வேண்டும்.

எப்படிக் கற்பது, யாரிடம் கற்பது

இரண்டு நாள் வகுப்பு ஆரம்பம் மட்டும்தான். பார்க்க வேண்டும், ஒருவர் பார்க்கச் செய்ய வேண்டும், சரியாகச் செய்கிறோமா என்று அவர் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: நிஜ நோயாளியைத் தொடுவோமா, சொல்லித்தருபவர் இப்போதும் வார்டில் வேலை பார்க்கிறாரா, முடிந்த பிறகு சந்தேகம் கேட்க வழி உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பணத்தில் வேறு மருத்துவமனைக்குப் போய் ஒரு வாரம் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலூர் சிஎம்சி மறுவாழ்வு நிலையம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், ஆய்க்குடி அமர் சேவா சங்கம் என்று நம் பக்கத்திலேயே இடங்கள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனைக் கடிதத்தோடு, எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுக் கேளுங்கள். "பொதுவாகப் பார்க்க வருகிறேன்" என்று எழுதாதீர்கள்.

ஊனத்தோடு வாழ்பவர்களிடம் கற்பதை நாம் போதிய அளவு செய்வதில்லை. சிஎம்சியில் மறுவாழ்வுத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, வீல்சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அவர் தலைமையில்தான் 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. உங்கள் ஊரில் பத்து வருஷமாக வீல்சேரில் இருந்து கடை நடத்துபவர் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, மரியாதையான ஊதியம் கொடுத்து, ஒரு நாள் உங்கள் குழுவுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். ஸ்கூட்டரில் எப்படி ஏறுகிறார், பஸ் ஸ்டாண்டில் சிறுநீருக்கு என்ன செய்கிறார் என்பதை எந்தப் பேராசிரியரும் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது.

நிர்வாகத்திடம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனவர்களிடம் கண்ட குறை, அதற்கான பயிற்சி, செலவு, அந்த நாட்களில் யார் வேலையைப் பார்ப்பார், மூன்று மாதத்தில் என்ன மாறும். துறைத் தலைவராக இருந்தால், எப்போதும் மூத்தவரையே அனுப்பாதீர்கள். போய்வந்தவர் இரண்டு வாரத்துக்குள், நோயாளியை வைத்து, மற்றவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும் என்பதை அனுப்பும்போதே பேசிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தேதியோடு பதிவு செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டின், மருத்துவம் சார்ந்த சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் நம் தொழிலும் வந்துவிட்டது, ஒழுங்கான பதிவேடு வைத்திருப்பவருக்கு எந்த விதி வந்தாலும் கவலை இல்லை.

துறையில் நீங்கள் ஒரே ஒருவர்தான் என்றால் இத்தனையும் செய்ய முடியாது, தெரியும். முதலில் ஒரு வழிகாட்டியைப் பிடியுங்கள், படித்த கல்லூரியின் ஆசிரியரோ வேறு ஊரில் இருக்கும் சீனியரோ, மாதம் ஒரு முறை போனில் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி முழுதாகப் பேசுங்கள். நோயாளி எழுத்தில் சம்மதித்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், பெயரும் முகமும் குழுக்களில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரே தலைப்பு போதும். தண்டுவட நோயாளிகள் வரும் இடமாக இருந்தால் டிஸ்ரெஃப்ளெக்சியா ஒத்திகையில் தொடங்குங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் பணமும் தேவையில்லை, வார்டு சிஸ்டரிடம் நாளைக்கே அரை மணி நேரம் கேட்டு வாங்கிவிடலாம்.